ஏழு கணவர்கள், ஒரு மனைவி, ஒரு கேள்வி

இயேசு தன் கடைசி நாட்களில் எருசலேம் தேவாலயத்தில் போதித்துக்கொண்டிருந்தபோது, அவரை எப்படியாவது மடக்கிவிட வேண்டும் என்று பலர் வரிசையாகக் கேள்விகளோடு வந்தார்கள். ராயனுக்கு வரி கொடுக்கலாமா கூடாதா என்ற கேள்வி அதில் ஒன்று. அது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்து வந்த கேள்விக்கு அந்த அளவு புகழ் கிடைக்கவில்லை. ஆனால் கடந்த இரண்டாயிரம் வருடங்களில் எத்தனையோ பேருடைய குடும்ப வாழ்க்கையையே மாற்றிப்போட்ட கேள்வி அது.

கேட்டவர்கள் சதுசேயர்கள். அவர்கள் சொன்ன கதை இதுதான். ஒரு குடும்பத்தில் ஏழு சகோதரர்கள். மூத்தவன் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்து பிள்ளை இல்லாமல் இறந்துபோகிறான். மோசேயின் சட்டப்படி இரண்டாமவன் அவளை மணக்கிறான். அவனும் பிள்ளை இல்லாமல் இறக்கிறான். மூன்றாமவன், நான்காமவன் என்று ஏழு பேரும் இப்படியே போய்ச்சேர, கடைசியில் அந்தப் பெண்ணும் இறந்துவிடுகிறாள். இறந்தவர்கள் எல்லோரும் ஒருநாள் எழுந்து வருவார்கள் என்கிறீர்களே, அப்படி வந்தால் இவள் யாருக்கு மனைவி?

மாற்கு 12, மத்தேயு 22, லூக்கா 20 ஆகிய மூன்று இடங்களிலும் இந்தச் சம்பவம் இருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் கிண்டல். உயிர்த்தெழுதல் என்ற நம்பிக்கையை நடைமுறை வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு அபத்தமாகிறது பாருங்கள் என்று சிரிக்க வைப்பதற்காகச் சொன்னது. இந்த மாதிரிக் கேள்விகள் அந்தக் காலத்தில் இன்னும் பல இருந்திருக்கின்றன. பிணத்தைத் தொட்டவர்கள் தீட்டுக் கழிக்க வேண்டுமென்றால், செத்து எழுந்தவர்களும் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் தண்ணீர் தெளித்துக்கொள்ள வேண்டுமா என்று அலெக்சாந்திரியா ஆட்கள் ஒரு ரபியைக் கேட்டதாக தல்மூதில் வருகிறது. அவர்கள் எழுந்து வரட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ரபி சொல்லிவிட்டாராம்!

ஆனால் ஏழு சகோதரர்களின் கேள்வி அப்படித் தட்டிக்கழிக்கக்கூடியது அல்ல. காரணம், அதற்குள் ஒரு பழைய சட்டம் உட்கார்ந்திருக்கிறது.

உபாகமம் 25ஆம் அதிகாரத்தில் உள்ள சட்டம் அது. சேர்ந்து வாழும் சகோதரர்களில் ஒருவன் மகன் இல்லாமல் இறந்தால், அவன் மனைவி வெளியாள் யாரையும் மணக்கக்கூடாது. கணவனின் சகோதரன் அவளை மணக்க வேண்டும். பிறக்கும் முதல் பிள்ளை செத்துப்போனவன் பெயரில் நிற்க வேண்டும். இஸ்ரவேலில் அவன் பெயர் அழிந்துவிடக்கூடாது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். சகோதரன் மாட்டேன் என்றால்? அந்தப் பெண் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அவனுடைய செருப்பைக் கழற்றி, அவன் முகத்தில் துப்ப வேண்டும். அதன்பிறகு அவன் வீட்டுக்கே செருப்புக் கழற்றப்பட்டவன் வீடு என்று பெயர் வந்துவிடும். (இதே மோசேயின் சட்டத்தில் லேவியராகமம் சகோதரன் மனைவியைச் சேரக்கூடாது என்கிறது. இந்த இரண்டில் எது செல்லும் என்ற சண்டைதான் பிற்காலத்தில் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் விவாகரத்து வழக்காக வெடித்தது. அவர் 1509ல் மணந்த கேதரின், இறந்துபோன அண்ணன் ஆர்தரின் மனைவி.)

இந்தக் கடமை ஆண்களுக்குப் பிடித்தமானதாக இருந்ததாகத் தெரியவில்லை. ஆதியாகமம் 38ல் யூதாவின் மகன் ஓனான், பிறக்கும் பிள்ளை தனக்குச் சேராது என்று தெரிந்ததால் தந்திரமாகத் தவிர்க்கிறான். ரூத் புத்தகத்தில் வரும் நெருங்கிய உறவுக்காரன், தன் சொத்துக்குக் கேடு வரும் என்று பயந்து ஒதுங்கிக்கொள்கிறான். அவன் விலகிய பிறகுதான் போவாஸ் ரூத்தை மணக்கிறார். கவனிக்க வேண்டிய விஷயம், ஓனான் ஏமாற்றிய தாமார், போவாஸ் மணந்த ரூத் இரண்டு பேருமே மத்தேயு தரும் இயேசுவின் வம்சாவளியில் இடம்பெறுகிறார்கள்.

கி.பி. முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றை எழுதிய ஜோசபஸ் இந்தச் சட்டத்துக்கு மூன்று காரணம் சொல்கிறார். குடும்பம் அற்றுப்போகாது, சொத்து வெளியே போகாது, விதவைக்கும் ஓர் ஆறுதல். இந்த வரிசையில் விதவை கடைசியாகத்தான் வருகிறாள்.

சதுசேயர்கள் யார் என்று பார்த்தால் இந்தச் சட்டம் அவர்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்பது புரியும். அவர்களை அந்தக்கால நாத்திகர்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அவர்கள் பழமைவாதிகள். தேவாலயத்தைச் சுற்றியிருந்த ஆசாரியக் குடும்பங்கள், பணக்காரர்கள் ஆகியோரின் கட்சி. எழுத்தில் உள்ள சட்டம் மட்டுமே செல்லும், பெரியவர்கள் வாய்மொழியாகச் சேர்த்தது செல்லாது என்பது அவர்கள் கொள்கை. உடல் இறக்கும்போது ஆத்துமாவும் அழிந்துவிடும் என்று நம்பினார்கள். மோசேயின் ஐந்து புத்தகங்களில் உயிர்த்தெழுதல் பற்றி நேரடியாக எதுவுமே இல்லை என்பது உண்மையும்கூட. இறந்தவர்கள் எழுவார்கள் என்று வெளிப்படையாகச் சொல்வது தானியேல் 12ஆம் அதிகாரம். அது கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் உருவானது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. சதுசேயர்கள் கணக்கில் அது நேற்று வந்த புதுச்சரக்கு.

அப்படியானால் ஒரு மனிதன் செத்த பிறகு மிஞ்சுவது என்ன? பெயர், பிள்ளை, நிலம். இவ்வளவுதான். உபாகமச் சட்டம் செய்வதும் இதைத்தான். செத்தவனுக்குப் பிள்ளை கொடுத்து அவனைப் பூமியில் நிற்க வைப்பது. அதாவது, சதுசேயர்களிடம் ஏற்கெனவே ஒருவகை உயிர்த்தெழுதல் இருந்தது. அதற்குக் கல்லறை திறக்க வேண்டியதில்லை, தம்பி ஒருவன் இருந்தால் போதும். மோசே இவ்வளவு கஷ்டப்பட்டு இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறார் என்றாலே வேறு உயிர்த்தெழுதல் கிடையாது என்றுதானே அர்த்தம் என்பதுதான் அவர்கள் கேள்விக்குள் இருக்கும் வாதம். கிண்டலை விலக்கிவிட்டுப் பார்த்தால் பலமான வாதம்தான்.

ஏழு என்ற எண்ணும் சும்மா வந்ததல்ல என்று தோன்றுகிறது. மக்கபேயர் இரண்டாம் புத்தகத்தில், அந்தியோகஸ் அரசன் காலத்தில் ஏழு சகோதரர்கள் தாயின் கண்ணெதிரே சித்திரவதை செய்யப்பட்டுச் சாகிறார்கள். கடவுள் எங்களை மறுபடி எழுப்புவார் என்று சொல்லிக்கொண்டே சாகிறார்கள். தோபித்து புத்தகத்தில் சாரா என்ற பெண்ணுக்கு ஏழு கணவர்கள், ஏழு பேரையும் முதலிரவிலேயே ஒரு பேய் கொன்றுவிடுகிறது. உயிர்த்தெழுதலுக்காகச் செத்த ஏழு அண்ணன் தம்பிகளையும், ஏழு கணவர்களைப் பறிகொடுத்த பெண்ணையும் ஒன்றாகச் சேர்த்தால் சதுசேயர்களின் கதை வந்துவிடுகிறது. வேண்டுமென்றே செய்தார்களா என்பதை நிரூபிக்க முடியாது. சதுசேயர்கள் எழுதிய ஒரு புத்தகம்கூட இன்று கையில் இல்லை. கி.பி. 70ல் ரோமானியர்கள் தேவாலயத்தை இடித்ததோடு அவர்களும் வரலாற்றிலிருந்து மறைந்துபோனார்கள். எதிரிகள் சொன்னதை வைத்துத்தான் அவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இனி பதில். அது இரண்டு பகுதி. இரண்டாவது பகுதியை முதலில் பார்த்துவிடலாம். முட்செடியில் மோசேயிடம் பேசிய கடவுள், தன்னை ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரின் கடவுள் என்று அறிமுகம் செய்துகொண்டார். அவர் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் கடவுள், ஆகவே அந்த மூவரும் கடவுளைப் பொறுத்தவரை அழிந்தவர்கள் அல்ல என்பது இயேசுவின் வாதம். தானியேலை எடுத்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். எடுக்கவில்லை. எதிராளி தலைக்கு மேல் வைத்துக் கொண்டாடும் மோசேயின் யாத்திராகமத்திலிருந்தே எடுத்தார். பிற்கால ரபிகளும் உயிர்த்தெழுதலுக்கு மோசேயின் புத்தகங்களிலிருந்துதான் ஆதாரம் தேடினார்கள். சுமார் கி.பி. 200ல் தொகுக்கப்பட்ட மிஷ்னா, உயிர்த்தெழுதலை மறுப்பவனுக்கு வரப்போகும் உலகில் பங்கே கிடையாது என்று கடுமையாகச் சொல்கிறது.

முதல் பகுதிதான் பிரச்சினைக்குரியது. உயிர்த்தெழுந்தவர்கள் பெண் எடுப்பதும் இல்லை, பெண் கொடுப்பதும் இல்லை, அவர்கள் தேவதூதர்களைப் போல இருப்பார்கள். கிரேக்க மூலத்தில் இங்கே இரண்டு வினைச்சொற்கள் இருக்கின்றன. ஒன்று ஆண் மணப்பது, இன்னொன்று பெண் மணமுடித்துக் கொடுக்கப்படுவது. பழைய தமிழ் வேதாகமம் இதைக் கொள்வனை, கொடுப்பனை என்று மொழிபெயர்த்தது. சம்பந்தம் பேசும் வீடுகளில் இன்றும் புழங்கும் வார்த்தைகள் இவை. கல்யாணம் என்பது இரண்டு பேர் விஷயம் அல்ல, இரண்டு வீடுகளுக்கு நடுவே நடக்கும் கொடுக்கல் வாங்கல் என்ற அர்த்தம் அதில் அப்படியே வந்துவிடுகிறது. (தேவதூதர்களும் சும்மா வரவில்லை. சதுசேயர்கள் தேவதூதர்களையும் நம்புவதில்லை என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. ஒரு குத்து!)

மாற்கும் மத்தேயுவும் இத்தோடு நிறுத்திக்கொள்ள, லூக்கா மட்டும் காரணத்தையும் சேர்க்கிறார். அவர்கள் இனிமேல் சாக முடியாது, அதனால் கல்யாணம் இல்லை. இதைப் படித்தால் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. சாவு இருப்பதால்தான் வாரிசு தேவை, வாரிசு தேவை என்பதால்தான் செத்தவன் மனைவியைத் தம்பி கையில் கொடுக்கிறார்கள். சாவே இல்லாத இடத்தில் அந்தச் சட்டத்துக்கு வேலை என்ன? சதுசேயர்கள் பிள்ளையை உயிர்த்தெழுதலுக்குப் பதிலாக வைத்தார்கள். இயேசு உயிர்த்தெழுதலை வைத்து, பிள்ளை பெற்றே தீரவேண்டிய கட்டாயத்தை எடுத்துவிட்டார்.

இந்தக் கதையில் அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஏழு சாவுகளைப் பார்த்தவள். அவளுக்குப் பெயர்கூட இல்லை. அவள் யாருடையவள் என்பதுதான் கேள்வி, அவள் என்ன நினைத்தாள் என்பது அல்ல. பதிலில் மட்டும்தான் அவள் யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறாள்.

நிஜத்தில் அந்தக் கால விதவை எப்படி இருந்தாள் என்பதற்கு அபூர்வமான ஒரு சான்று கிடைத்திருக்கிறது. சாக்கடல் ஓரத்துக் குகை ஒன்றில் 1961ல் யிகாயேல் யாதின் குழுவினர் ஒரு தோல் பையைக் கண்டெடுத்தார்கள். அதற்குள் பாபாதா என்ற யூதப் பெண்ணின் 35 பத்திரங்கள். கி.பி. 132ல் தொடங்கிய பார் கோக்பா கலகத்தின்போது ஒளிந்துகொள்ளப் போனவள் கையோடு எடுத்துப்போனவை. அவள் இரண்டு முறை விதவையானவள். முதல் கணவன் வழியாக ஒரு மகன் இருந்ததால் கொழுந்தனை மணக்கும் கேள்வி அவளுக்கு எழவில்லை. ஆனால் மகனுக்கு நியமிக்கப்பட்ட பாதுகாவலர்கள் மாதம் இரண்டு தினாரி மட்டுமே கொடுக்கிறார்கள், அது போதாது என்று ரோமானிய ஆளுநரிடம் வழக்குப் போடுகிறாள். இரண்டாவது கணவனுக்கு மிரியாம் என்று இன்னொரு மனைவி. அவன் இறந்ததும் சொத்துக்காக இருவருக்கும் சண்டை. இவள் யார் மனைவி என்ற கேள்வி பாபாதாவுக்கு மறுமை பற்றியது அல்ல, பேரீச்சந்தோப்பு யாருக்கு என்பது பற்றியது.

இயேசுவின் பதில் அடுத்த நூறு, இருநூறு வருடங்களில் யாரும் எதிர்பாராத திசைகளில் போனது. உயிர்த்தெழுந்தவர்களுக்குக் கல்யாணம் இல்லை என்றால், அந்த வாழ்க்கையை இப்போதே தொடங்கிவிட்டால் என்ன என்று சிலர் யோசித்தார்கள். ரோம் சபையிலிருந்து கி.பி. 144ல் பிரிந்த மார்சியோன், மணவாழ்க்கையைத் துறந்தவர்களுக்குத்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். சிரியாவில் ஞானஸ்நானம் பெற்று மணமில்லாமல் வாழ்ந்தவர்கள் உடன்படிக்கையின் மகன்கள், மகள்கள் என்று அழைக்கப்பட்டார்கள்.

இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த 'பவுலும் தெக்லாவும்' என்ற கதை இதை நன்றாகக் காட்டுகிறது. இக்கோனியம் நகரில் தெக்லா என்ற நிச்சயிக்கப்பட்ட பெண், பக்கத்து வீட்டில் பவுல் பேசுவதை ஜன்னல் வழியாகக் கேட்டு, கல்யாணமே வேண்டாம் என்று முடிவெடுத்துவிடுகிறாள். மாப்பிள்ளை தாமிரிஸ் கொதித்துப்போகிறான். அவனுக்குத் தூபம் போடும் இருவர், கன்னிமை காக்காதவர்களுக்கு உயிர்த்தெழுதல் கிடையாது என்று பவுல் சொல்லித் திரிவதாகப் பற்றவைக்கிறார்கள். கூடவே உண்மையான உயிர்த்தெழுதல் எது என்று நாங்கள் சொல்லித்தருகிறோம் என்கிறார்கள். அது ஏற்கெனவே நடந்துவிட்டதாம், நாம் பெற்ற பிள்ளைகளில்! சதுசேயர்கள் பூசி மெழுகிச் சொன்னதை இவர்கள் பச்சையாகச் சொல்லிவிட்டார்கள். தெக்லாவின் சொந்தத் தாயே இவளைக் கொளுத்துங்கள் என்று கத்துகிறாள். ஒரு பெண் கொடுக்கப்பட மறுத்தால் ஊருக்கு எவ்வளவு பயம் வருகிறது பாருங்கள். இந்தக் கதையை எழுதிய ஆசியா மாகாணத்துப் பாதிரியார் பவுல் மேலுள்ள அன்பினால் எழுதினேன் என்று ஒப்புக்கொண்டு பதவி இழந்ததாக தெர்த்துல்லியன் எழுதுகிறார்.

மூன்றாம் நூற்றாண்டு சிரியாவில் எழுதப்பட்ட 'தோமா நடபடிகள்' நூலிலும் இதே சங்கதி. இந்தியாவுக்குப் புறப்பட்ட தோமா வழியில் ஓர் அரசன் மகள் கல்யாணத்தில் மாட்டிக்கொள்கிறார். மணவறையில் இயேசுவே தோமாவின் சாயலில் தோன்றி, பிள்ளை குட்டிகளால் வரும் கவலைகளை எடுத்துச்சொல்ல, மணமக்கள் பிரம்மச்சாரிகளாகவே இருந்துவிடுகிறார்கள். அரசன் தோமாவைப் பிடித்துவர ஆள் அனுப்புகிறான். வேறென்ன செய்வான்!

சபைத் தலைமை இந்த அளவுக்குப் போக விரும்பவில்லை. தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட நிருபங்களில் கல்யாணத்தைத் தடுப்பவர்களுக்கும், உயிர்த்தெழுதல் ஏற்கெனவே நடந்துவிட்டது என்பவர்களுக்கும் கண்டனம் இருக்கிறது. கணவன் இறந்தால் மனைவி விடுதலையானவள், மறுபடி மணக்கலாம் என்று பவுலும் எழுதியிருந்தார்.

இந்த விஷயத்தில் மனம் எவ்வளவு ஊசலாடும் என்பதற்கு கார்த்தேஜ் நகரத்து தெர்த்துல்லியனே உதாரணம். கி.பி. 200ஐ ஒட்டி அவர் தன் மனைவிக்கு ஒரு நூல் எழுதினார். நான் இறந்தால் நீ மறுமணம் செய்யாதே, மறுமையில் நமக்குள் தாம்பத்தியம் தொடரும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை, அங்கே அதெல்லாம் கிடையாது என்ற தொனியில் அது போகிறது. சில வருடங்கள் கழித்து ஒரே மணம் பற்றி எழுதிய நூலில் குரல் மாறிவிடுகிறது. விதவை ஒருத்தி கணவனுடைய ஆத்துமாவுக்காக ஜெபம் செய்கிறாள், ஒவ்வொரு வருடமும் அவன் இறந்த நாளில் காணிக்கை கொடுக்கிறாள். அவள் அவனை எப்படி விட்டுவிட்டாள் என்று சொல்ல முடியும்? கல்யாணம் இல்லை என்பதால் அங்கே உறவு அறுந்துவிடாது, இன்னும் இறுகும், ஒருவரையொருவர் அடையாளம் தெரிந்துகொள்வோம் என்கிறார். இரண்டு நூலிலும் முடிவு ஒன்றுதான், மறுமணம் கூடாது. காரணம்தான் தலைகீழாகிவிட்டது. முதல் நூலை விட இரண்டாவதில் மனிதர் தெரிகிறார்.

அகஸ்தீன் வேறொரு சண்டையைத் தீர்க்க இதே வசனத்தைப் பயன்படுத்தினார். பெண்கள் எல்லோரும் ஆண்களாகத்தான் உயிர்த்தெழுவார்கள் என்று அந்தக் காலத்தில் சிலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கி.பி. 426 வாக்கில் முடித்த 'கடவுளின் நகரம்' நூலின் 22ஆம் புத்தகத்தில் அவர் இதை மறுக்கிறார். பெண்ணாக இருப்பது குறை அல்ல, இயற்கை. மேலும், ஏழு பேரை மணந்த பெண்ணைப் பற்றிக் கேட்டபோது, அங்கே பெண்ணே இருக்கமாட்டாள் என்று இயேசு சொல்லியிருந்தால் கேள்வி அத்தோடு முடிந்திருக்கும். அப்படிச் சொல்லவில்லை. கல்யாணம் இல்லை என்றுதான் சொன்னார். மணப்பவனும் இருக்கிறான், கொடுக்கப்படுபவளும் இருக்கிறாள், அந்தச் செயல் மட்டும்தான் இல்லை.

மேற்குலகில் மரணம் பிரிக்கும்வரை என்று கல்யாண உறுதிமொழியே வந்துவிட்டது. 1549ஆம் ஆண்டு ஆங்கிலேய ஜெபப் புத்தகத்திலும் அது இருக்கிறது. ஆனால் மனைவியையோ கணவனையோ புதைத்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தப் பதில் போதவில்லை. 1768ல் சுவீடன் நாட்டு ஸ்வீடன்போர்க், சொர்க்கத்தில் உண்மையான காதல் மணங்கள் உண்டு, அங்கே இருவரும் சேர்ந்து ஒரே தேவதூதராக எண்ணப்படுவார்கள் என்று ஒரு பெரிய நூலே எழுதினார். (அவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை.) 1774ல் அமெரிக்கா போய்ச்சேர்ந்த ஆன் லீயின் ஷேக்கர் கூட்டத்தார் நேர் எதிர்ப்பக்கம் போனார்கள். எல்லோருமே பிரம்மச்சாரிகள். கடைசியில் ஆள் இல்லாமல் சுருங்கிப்போனார்கள்.

சதுசேயர்களின் கேள்வி அச்சு அசலாகத் திரும்பி வந்தது மார்மன்களிடம். 1843 ஜூலை 12ல் இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில் ஜோசப் ஸ்மித் ஒரு வெளிப்பாட்டை எழுதவைத்தார். சரியான அதிகாரத்தோடு முத்திரையிடப்படும் திருமணம் மரணத்துக்குப் பிறகும் நிற்கும், அப்படி மணக்காதவர்கள்தான் அங்கே தேவதூதர்களாக, அதாவது பணியாளர்களாக இருப்பார்கள் என்பது சாரம். இயேசு உயர்வாகச் சொன்ன தேவதூதர் நிலை இங்கே ஒரு படி இறங்கிவிட்டது! பலதார மணத்தையும் அனுமதித்த அந்த வெளிப்பாடு 1852ல்தான் பகிரங்கமானது. 1890ல் பலதார மணம் கைவிடப்பட்டது, நித்திய முத்திரை இன்றும் இருக்கிறது. அவர்களுடைய இன்றைய விதிப்படி, முத்திரையிடப்பட்ட மனைவியை இழந்தவர் இன்னொரு பெண்ணோடும் முத்திரை பெறலாம். உயிரோடு இருக்கும் பெண் ஒரே ஒரு கணவனோடுதான் பெற முடியும். பல முறை மணந்த பெண் இறந்துபோய், கணவர்களும் இறந்துவிட்டால், அவளை அத்தனை பேரோடும் முத்திரையிடலாம்.

1844 ஜூனில் ஜோசப் ஸ்மித் ஒரு கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரோடு நித்தியத்துக்கும் முத்திரை பெற்றிருந்த பெண்களில் சிலரை ப்ரிகம் யங், ஹீபர் கிம்பல் ஆகியோர் இம்மைக்கு மட்டும் என்று மணந்தார்கள். இந்தத் திருமணங்களில் பிறக்கும் பிள்ளைகள் மறுமையில் ஜோசப் ஸ்மித்தின் பிள்ளைகளாகவே கணக்கில் வருவார்கள் என்று நம்பினார்கள்.